வரைவதை நிறுத்திவிட்ட நண்பர்களுக்கு



உங்கள் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்களைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் போட்டுத் தரச் சொல்லி மற்றவர்கள் உங்களைத்தான் தேடி வந்திருப்பார்கள். டிராயிங் மாஸ்டர் உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு லோயர், ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டச் சொல்லியிருப்பார். சிலர் எழும்பூருக்கோ கும்பகோணத்துக்கோ போய் ஓவியக் கல்லூரியிலும் சேர்ந்திருப்பீர்கள். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன். வண்ணப் பெட்டி பரணுக்குப் போயிருக்கும். நானும் உங்களில் ஒருத்தி. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பேரேடு எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவள்.

ஒரு பாடகியைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பேர் பெற்ற ஜோனி மிட்செல். அவர் பாட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அவருடைய ஆல்பங்களின் அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அவரே வரைந்தவை, அல்லது அவரே யோசித்து அமைத்தவை. என் வாழ்க்கையில் அவர் குரல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறதோ, அந்த அட்டைகளும் அவ்வளவு பிடித்திருக்கின்றன.

அவர் முதலில் ஓவியர். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்: தன்னைப் பாடகியாக எண்ணுவதைவிட, சந்தர்ப்பவசத்தால் தடம் மாறிப்போன ஓவியராகத்தான் எண்ணுகிறாராம். பிறந்தது 1943-இல், ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மக்லியோட் என்ற சிற்றூரில். வளர்ந்தது சஸ்காச்சவன் மாகாணத்துச் சாஸ்கட்டூன் நகரில். எங்கு பார்த்தாலும் கோதுமை வயலும், தடுக்க எதுவும் இல்லாத வானமும்தான். அங்கே பள்ளியில் ஆர்தர் கிராட்ஸ்மன் என்றோர் ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். படம் மாட்டிக்கொண்டிருந்த சிறுமியைப் பார்த்து, தூரிகையால் தீட்ட முடிகிறவளால் சொற்களாலும் தீட்ட முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜோனி அதை மறக்கவில்லை. 1968-இல் வந்த தன் முதல் ஆல்பத்தை அந்த ஆசிரியருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

பள்ளி முடிந்ததும் கால்கரி நகரில் இருந்த ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஓராண்டுதான். அருவ ஓவியம் கோலோச்சிய காலம் அது. முகத்தையும் மரத்தையும் நிலத்தையும் வரைய வந்த பெண்ணுக்கு அந்தச் சூழல் ஒட்டவில்லை. 1964-இல் கிட்டாரோடு டொராண்டோவுக்குப் போனார். அப்போது அவர் கர்ப்பிணி. கையில் காசில்லை. 1965 பிப்ரவரியில் பிறந்த பெண் குழந்தையைத் தத்துக்கொடுக்க நேர்ந்தது. அந்தக் குழந்தைக்காக எழுதிய பாட்டு 'புளூ' ஆல்பத்தில் இருக்கிறது. யாருக்காக என்பது கேட்டவர்களுக்கு நெடுங்காலம் தெரியாது. தாயும் மகளும் மறுபடி சந்தித்தது 1997-இல்.

கையைக் கட்டிப்போடும் அளவுக்கு வாழ்க்கை நெருக்கியபோதும் அவர் வரைவதை விடவில்லை. கல்லூரியைத்தான் விட்டார். வரைவதற்கு வேறோர் இடம் தேடிக்கொண்டார். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமான எல்.பி. ரெக்கார்டின் உறை அவருக்கு அந்த இடமானது. எந்த ஓவியக்கூடமும் அவ்வளவு பேரிடம் படத்தைக் கொண்டு சேர்த்திருக்காது.

முதல் ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். பூவும் கொடியுமாக இடம் விடாமல் இழைத்த பேனா வேலை, அதன்மேல் துள்ளும் வண்ணம். வானத்தில் கடற்பறவைகள் பறக்கின்றன. பறவைகளையே எழுத்துகளாக அடுக்கி ஆல்பத்தின் பெயரை எழுதியிருக்கிறார். அச்சுக்குப் போன இடத்தில் ஓரத்தை வெட்டும்போது அந்தப் பறவைகளில் ஒரு பகுதி போய்விட்டது. அதனால் 'சாங் டு எ சீகல்' என்ற பெயர் முழுசாகத் தெரியாமல், பாடகியின் பெயரே ஆல்பத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அச்சகத்தில் ஓரம் வெட்டுப்படும் வேதனை உங்களில் சிலருக்குத் தெரியும். அவர் அதற்காக அடுத்த அட்டையை வேறு யாரிடமும் கொடுத்துவிடவில்லை.

அடுத்த அட்டை 1969-இல் வந்த 'கிளவுட்ஸ்'. என்னைக் கேட்டால், அவர் வரைந்த முகங்களிலேயே நெஞ்சில் தைப்பது இதுதான். தன்னையே வரைந்திருக்கிறார். கொஞ்சமும் சாயாமல் நேராகப் பார்க்கும் முகம். கையில் ஒரு சிவப்பு லில்லி. அது சஸ்காச்சவன் மாகாணத்தின் பூ. பின்னால் சாஸ்கட்டூனின் ஆறு, அதன் கரையில் கோட்டை மாதிரி நிற்கும் பெஸ்பரோ ஹோட்டல், அந்திவானம். அவர் குடியிருந்ததோ அப்போது லாஸ் ஏஞ்சலஸில், பாட்டுக்காரர்கள் நிறைந்த லாரல் கேன்யன் மலைச்சரிவில். பேரும் பணமும் வரத் தொடங்கிய நேரத்தில், உலகத்துக்குக் காட்டும் முகத்தின் பின்னால் சொந்த ஊரின் ஆற்றை வரைந்துவைத்திருக்கிறார். அந்த முகத்தில் சிரிப்பில்லை, சோகமும் இல்லை. கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைந்தவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது முகம் தானாக எடுத்துக்கொள்ளும் பார்வை அது.

அதற்கு மறு ஆண்டு வந்த 'லேடீஸ் ஆஃப் த கேன்யன்' நேர் எதிர். வெள்ளைத் தாள், ஒரு பெண்ணின் உருவத்தைச் சொல்லும் சில கோடுகள். அந்தக் கோடுகளுக்குள் ஒரு பகுதியில் மட்டும் மலைச்சரிவும் வீடுகளும் வண்ணத்தில். மீதி அப்படியே வெற்றுத் தாள். நிரப்பாமல் நிறுத்தத் தெரிந்த கை. இரண்டே ஆண்டில், இடம் விடாமல் இழைத்த அந்த முதல் அட்டையிலிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு இதெல்லாம் மிகத் தாமதமாகத்தான் பார்க்கக் கிடைத்தது. நான் முதலில் கேட்ட ஜோனிக்கு முகமே கிடையாது. கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரிடம் வாங்கி, வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கம் 'புளூ', மறு பக்கம் 'ஹெஜிரா'. கேசட் டப்பாவுக்குள் மடித்துவைக்கும் அட்டையில் கோடு மட்டும் போட்டிருந்தது. பாட்டின் பெயர்கள்கூட இல்லை. ஆங்கிலம் பாதி பிடிபடும், பாதி பிடிபடாது. குரல் மட்டும் முழுசாகப் பிடிபட்டது. ஒரு வரியின் நடுவிலேயே மேலே ஏறி, நின்று, யாரிடமோ கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல இறங்கும் குரல். ராத்திரி வீட்டு வேலை முடிந்தபின் ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்பேன்.

ஒருநாள் அந்த வெற்று அட்டை பொறுக்கவில்லை. உருவிப் பின்பக்கத்தைத் திருப்பி, அலுவலகத்து நீலப் பேனாவால் ஓர் ஆற்றை வரைந்தேன். 'ரிவர்' என்ற பாட்டில் பனியில் உறைந்த ஆறு வரும். உறைந்த ஆற்றை நான் கண்டதில்லை. மணலாகக் கிடக்கும் பாலாற்றைத்தான் தெரியும். அந்த மணலையே வரைந்து, அதன்மேல் ஒரு பெண்ணை நிறுத்தினேன். உள்ளங்கையில் அடங்கும் படம். வேலைக்குச் சேர்ந்தபிறகு நான் வரைந்த முதல் படம் அதுதான். அதற்குப் பிறகு கையில் வந்த ஒவ்வொரு கேசட்டுக்கும் வரைந்தேன். யாருக்கும் காட்டவில்லை, காட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை. மறுபடி வரைகிறேன் என்ற நினைப்பே இல்லாமல் வரைந்துகொண்டிருந்தேன்.

பிறகு சென்னையில் பழைய ரெக்கார்டு விற்கும் ஒரு கடையில் உண்மையான அட்டைகளைக் கண்டேன். 'புளூ' அட்டை அவர் வரைந்ததல்ல. டிம் கான்சிடைன் எடுத்த புகைப்படம், முழுக்க நீலத்தில் தோய்ந்தது. 'ஹெஜிரா' அட்டையைத் திருப்பியபோதுதான் கை நின்றுவிட்டது. அதில் ஓர் உறைந்த ஏரி.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1976-இல் வந்தது. அந்த ஆண்டு அவர் அமெரிக்காவின் கிழக்குக் கோடியில் மெய்ன் மாகாணத்திலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கலிபோர்னியா திரும்பினார். பாட்டுகளில் பல அந்தச் சாலையில் பிறந்தவை. அட்டையில் தூரிகை வேலை இல்லை. நார்மன் சீஃப் எடுத்த உருவப்படம், ஜோயல் பெர்ன்ஸ்டைன் விஸ்கான்சின் மாகாணத்தில் மெண்டோட்டா ஏரியின் பனிமேல் எடுத்த படங்கள், இன்னும் பலவற்றை வெட்டி, ஒட்டி, ஏர்பிரஷ்ஷால் இணைத்தது. கறுப்புத் தொப்பியும் கறுப்பு உடையுமாக அவர் நிற்கிறார். பின்னால் வெளுத்த ஏரி. அவர் உடம்புக்குள்ளேயே ஒரு நெடுஞ்சாலை நேராகத் தொடுவானத்துக்குப் போகிறது. எந்த இடத்தில் உடை முடிந்து சாலை தொடங்குகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாது. கருப்பு வெள்ளைதான், ஆனால் சாம்பலில் எத்தனை படிகள்! பென்சில் நிழல் போட்டுப் பழகியவர்கள் அந்த அட்டையைக் கையில் வாங்கினால் அவ்வளவு சீக்கிரம் கீழே வைக்க மாட்டார்கள். அதைப் பார்த்தபிறகு ஆல்பத்தைக் கேட்டேன். ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் கிட்டார் அதுவரை எனக்கு வெறும் நாதமாக இருந்தது. அன்று அது பனிமேல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'த ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' ஆல்பத்தின் உறையைத் தடவிப் பாருங்கள். பெரிய மலைப்பாம்பு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கறுத்த மனிதர்கள் பச்சைப் புல்வெளியைக் கடந்து போகிறார்கள். பின்னால் நகரத்தின் மாடிக் கட்டடங்கள். அந்த மனிதர்களும் பாம்பும் தாளில் மேடாக எழும்பி விரலில் தட்டுப்படுவார்கள். உள்ளே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்: படம், இசை, சொல், தற்செயலாக வந்து சேர்ந்தது எல்லாம் சேர்ந்துதான் இந்த வேலை, இதைப் பிரிக்க முடியாது என்கிற பொருளில். அதைப் படித்த நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அதுவரை வரைவதை ஒரு பக்கமும், என் மற்ற வாழ்க்கையை ஒரு பக்கமும் வைத்திருந்தேன். பேரேடு எழுதுகிற கையும் ஆறு வரைந்த கையும் ஒரே கைதான் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

கையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதில் அவருக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. பிழைத்து நடந்தார், ஆனால் இடது கையில் பலம் குறைந்துபோயிற்று. கிட்டாரில் இடது கைதான் கம்பிகளை அழுத்தும் கை. வழக்கமான சுருதியில் சில கார்டுகளுக்கு நான்கு விரலையும் விரித்து அழுத்தியாக வேண்டும், அது அவருக்குக் கஷ்டம். அதனால் அவர் கம்பிகளின் சுருதியையே மாற்றினார். முறுக்காணியைத் திருகி, எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி வைத்துக்கொண்டார். அதன்மேல் ஒன்றிரண்டு விரல்களை நகர்த்தினால் போதும். இப்படி அவர் உண்டாக்கிக்கொண்ட சுருதி அமைப்புகள் ஐம்பதுக்கும் மேல். அவர் பாட்டுகளில் சில கார்டுகள் எங்கேயும் போய்ச் சேராமல் கேள்விபோல அந்தரத்தில் நிற்பது இதனால்தான். பலம் குறைந்த கைக்குக் கருவியை வளைத்துக்கொண்டவர் அவர். நம்மில் எத்தனை பேர் கை மரத்துப்போயிற்று, இனி வராது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

அவர் செய்தது எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1977-இல் வந்த 'டான் ஹுவான்ஸ் ரெக்லெஸ் டாட்டர்' அட்டையில் அவர் முகத்தில் கறுப்பு பூசி, கறுப்பின ஆண் வேடத்தில் நிற்கிறார். அமெரிக்காவில் கறுப்பு பூசிய முகம் நூறாண்டுக்கு மேலாகக் கறுப்பின மக்களை மேடையில் இழிவுபடுத்தப் பயன்பட்டது. அவர் அதைப் பற்றிச் சொன்ன விளக்கங்கள் எனக்குப் போதவில்லை. 2024-இல் அந்த ஆல்பம் மறுபடி வெளிவந்தபோது அட்டை மாற்றப்பட்டது. மாற்றியது சரி. அவர்மேல் எனக்கு உள்ள அன்பு இதைச் சொல்வதைத் தடுக்காது.

அந்த ஆல்பத்தைக் கேட்டுத்தான், அதில் ஒரு பக்கம் முழுக்க நீளும் 'பேப்ரிகா பிளெய்ன்ஸ்' பாட்டைக் கேட்டுத்தான், ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸ் அவரை அழைத்தார். மிங்கஸுக்கு அப்போது நரம்பு நோய் முற்றி, உடம்பு ஒவ்வோர் அங்கமாக அசைவற்றுக்கொண்டிருந்தது. இனி டபிள் பேஸை அவர் தொட முடியாது. தன் மெட்டுகளுக்கு ஜோனி சொல் எழுத வேண்டும் என்று விரும்பினார். ஜோனி அவரோடு பழகினார், எழுதினார், கூடவே வரையவும் செய்தார். 1979 ஜனவரி 5-ஆம் நாள் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் மிங்கஸ் இறந்தார். வயது 56. அவர் விருப்பப்படி அவர் மனைவி சாம்பலை நம் கங்கையில் கரைத்தார். அந்த ஆண்டு நடுவில் 'மிங்கஸ்' ஆல்பம் வந்தது, ஜோனியின் ஓவியங்களோடு. அவற்றுள் ஒன்றில் மிங்கஸ் சக்கர நாற்காலியில் இருக்கிறார், முதுகுப்புறம் நம்மை நோக்கி. முகம் தெரியாது. அகன்ற முதுகு மட்டும்தான்.

என் அப்பா கடைசி நாள்களில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பார். அவரை வரைய எனக்குத் துணிவு வந்ததில்லை. நோயாளியை வரைவது தப்பு என்று ஓர் எண்ணம். மிங்கஸின் முதுகைப் பார்த்தபிறகுதான் நினைவிலிருந்து அவர் முதுகை வரைந்தேன். பனியன் தோளில் நழுவியிருக்கும். கழுத்தெலும்பு துருத்தியிருக்கும். அது அப்பாதான் என்று அம்மா பார்த்தவுடன் சொல்லிவிட்டார். எனக்கு வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

எண்பதுகளின் ஆல்பங்களில் என் மனம் அவ்வளவு தங்கவில்லை. 1994-இல் வந்த 'டர்புலண்ட் இண்டிகோ'வில் மறுபடி தங்கிற்று. அட்டையில் காதில் கட்டுப் போட்ட வான்கோவாகத் தன்னை வரைந்திருக்கிறார். அதற்குள் எல்.பி.யின் பெரிய சதுரம் போய், கையகலச் சிடி டப்பா வந்துவிட்டது. அந்தச் சின்ன இடத்திலும் தூரிகை இழுப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அந்த ஆல்பம் சிறந்த பாப் ஆல்பத்துக்கான கிராமி விருதோடு, சிறந்த அட்டை வடிவமைப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. பாட்டுக்குக் கிடைத்த விருதுகளைவிட அந்த இரண்டாவது விருதுதான் எனக்கு மகிழ்ச்சி. கால்கரியில் ஓராண்டோடு வெளியே வந்த மாணவிக்கு அது கிடைத்ததே என்று.

1971-இல், பேர் உச்சத்தில் இருந்த நேரத்தில், அவர் செய்த ஒரு காரியம் இன்னும் பலருக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் பரிசாக நண்பர்களுக்குக் கொடுக்க ஒரு புத்தகம் செய்தார். பாட்டுகளைத் தன் கையெழுத்தில் எழுதி, பக்கத்தில் வண்ண ஓவியங்கள் சேர்த்து, நூறு பிரதிகள். விற்பனைக்கு அல்ல. 'மார்னிங் குளோரி ஆன் த வைன்' என்ற அந்தப் புத்தகம் கடைக்கு வந்தது 2019-இல்தான். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அது நூறு வீடுகளில் மட்டும் இருந்தது. வரைந்ததைப் பத்துப் பேர் பார்க்காவிட்டால் எதற்கு வரைவது என்று கேட்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2015-இல் மூளையில் ரத்தக்குழாய் வீங்கி வெடித்து அவர் விழுந்தார். பேச்சும் நடையும் போயிற்று. இரண்டையும் மறுபடி முதலிலிருந்து கற்றார். 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் முன்னறிவிப்பு இல்லாமல் மேடையேறியபோது வயது 78. நாற்காலியில் அமர்ந்தபடி பாடினார். ஒரு பாட்டுக்குக் கிட்டாரையும் எடுத்து வாசித்தார். விரல்களை எங்கே வைப்பது என்று தன் பழைய காணொளிகளைப் பார்த்துத்தான் திரும்பக் கற்றுக்கொண்டாராம். அந்த நிகழ்ச்சியை என் பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். என் கண் நிறைந்ததைப் பார்த்து, இந்தப் பாட்டி யார் என்று கேட்டாள். படம் வரைகிற பாட்டி என்றேன்.

இவரைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'கிளவுட்ஸ்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அதில் கடைசிப் பாட்டு 'போத் சைட்ஸ், நௌ'. 25 வயதுப் பெண்ணின் மெல்லிய, உயர்ந்த குரல். அதைக் கேட்டுவிட்டு, அதே பாட்டை 2000-இல் இசைக்குழுவோடு அவர் பாடியதைக் கேளுங்கள். புகைத்துக் கரகரத்து, கீழிறங்கி, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைக்கும் குரல். இரண்டு ஆல்பங்களின் அட்டையிலும் அவர் தன்னையே வரைந்திருக்கிறார். முதலதில் கையில் லில்லி, பின்னதில் சிகரெட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனில் பார்ப்பதானால் விரலால் பெரிதாக்கிக் கண்களை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு அந்த முகத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். மூக்கு கோணினாலும் பரவாயில்லை. வரைந்ததை எனக்கு அனுப்பினால் ஆசையோடு பார்ப்பேன். அனுப்பாவிட்டாலும் வருத்தமில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி